பெண் பிள்ளையைப் பூட்டி வைத்தால் பாதுகாப்பு வந்துவிடுமா?

விடிவதற்கு முன்பே அரக்கோணம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. சென்னைக்குப் போகும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். காட்பாடி, திருப்பதி, செங்கல்பட்டு என்று பிரிந்து போகிறவர்கள் இன்னொரு பக்கம். நிலையத்துக்கு வெளியே, சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன்கள் கிளம்புகின்றன. மேற்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை போனாலும் காலையில் இதே காட்சிதான். அம்மா ஷூ கம்பெனிக்கு. அப்பா லோடு ஏற்றவோ, கட்டட வேலைக்கோ, தோல் பதனிடும் ஆலைக்கோ. வீட்டில் பாட்டி இருந்தால் உண்டு. இல்லையென்றால் பூட்டிய கதவு.

பள்ளிக்கூடம் நாலரை மணிக்கு விடும். அம்மாவின் வேன் திரும்பி வர ஏழு ஆகும். ஓ.டி. இருந்தால் எட்டு. இடையில் இருக்கும் இந்த இரண்டு, மூன்று மணி நேரம் பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு இருப்பது யார்?

எங்கேயாவது ஒரு சிறுமிக்குக் கொடுமை நடந்ததாக டிவியில் செய்தி வந்தால், தெருவில் உடனே பேச்சு ஆரம்பிக்கும். “காலம் கெட்டுக் கெடக்கு. வயசுக்கு வந்த பொண்ண வெளியே உடாத. போனைப் புடுங்கி வை. படிச்சது போதும், நல்ல எடமா பாத்து ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துடு.” இந்தப் பேச்சில் அக்கறை இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டுமே உண்மையானவை. ஆனால், இந்த மூன்று வைத்தியமும் பிள்ளையைக் காப்பாற்றுகின்றனவா? வழக்குகளையும் ஆய்வுகளையும் எடுத்துப் பார்த்தால், பயந்துபோய் நாம் செய்கிற காரியங்களே பல நேரங்களில் ஆபத்தைக் கூட்டுகின்றன என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆபத்து வெளியிலிருந்துதான் வருகிறதா?

மிட்டாய் கொடுத்து ஏமாற்றும் முன்பின் தெரியாத ஆள், வெள்ளை வேனில் கடத்திப் போகிறவன் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் வேறு மாதிரி சொல்கின்றன. போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் கடுமையான பாலியல் வன்கொடுமை வழக்குகளில், 100-க்கு 95-க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். குடும்பத்தவர், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பழக்கமானவர், வேலை கொடுத்தவர் என்று அந்தப் பட்டியல் நீளும்.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு எழுதப்பட்டது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அவர்களில் பெரும்பாலானோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தையின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள்.

நம் மாநிலத்தையே உலுக்கிய சில வழக்குகளைப் பாருங்கள். 2018-ல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைபாடுள்ள 11 வயதுச் சிறுமி. வாசலில் காவலாளி, கேமரா, லிஃப்ட் என்று எல்லாப் பாதுகாப்பும் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அது. அங்கே காவலுக்கும் லிஃப்ட்டுக்கும் பிளம்பிங்குக்கும் வந்தவர்களே குற்றவாளிகள். மாதக்கணக்கில் நடந்தும் யாருக்கும் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வீட்டுக்கு வந்த அக்காவிடம் அந்தக் குழந்தை சொன்ன பிறகுதான் தெரிந்தது. 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

2020-ல் வண்ணாரப்பேட்டை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான வழக்கில், 13 வயதுச் சிறுமியை விற்பனைப் பொருளாக்கியவர்கள் அவளுடைய உறவினர்கள். வாடிக்கையாளராக வந்தவர்களில் பணியில் இருந்த காவல் ஆய்வாளரும் ஒருவர். 2022 செப்டம்பரில் சென்னை போக்சோ சிறப்பு நீதிமன்றம் 21 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்லி, 8 பேருக்கு ஆயுள் தண்டனையும் 13 பேருக்குத் தலா 20 ஆண்டும் விதித்தது. கடலூர் மாவட்டம் திட்டக்குடியில் பள்ளி மாணவிகள் இருவரைச் சீரழித்த வழக்கில், 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைத் தண்டித்தது. அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

உறவு, காவல், பழக்கம் என்று நாம் நம்பி வைத்திருந்த வேலிகள்தான் இந்த வழக்குகளில் உடைந்திருக்கின்றன. அப்படியிருக்க, பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் ஆபத்து வெளியே நின்றுவிடும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

வறுமைதான் காரணமா?

வறுமை ஒரு காரணம், ஆனால் நேரடியாக அல்ல. ஏழை வீட்டில் பிறந்த லட்சக்கணக்கான பிள்ளைகள் பத்திரமாகத்தான் வளர்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுமை நடக்கிறது. வறுமை இரண்டு விஷயங்களைச் செய்கிறது. பிள்ளையோடு இருக்க வேண்டிய பெரியவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. தவறு நடந்தால் எதிர்த்துப் பேசும் தைரியத்தையும் எடுத்துக்கொள்கிறது.

தோல் தொழில் ஊர்களை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் காலணிகளில் கணிசமானவை இந்த ஊர்களில்தான் உருவாகின்றன. தைக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் ஷூவின் மேல் பாகத்தை வீட்டுக்கே வாங்கிவந்து ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைக்கிறார்கள். பிள்ளை பக்கத்திலேயேதான் இருக்கும். ஆனால் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து, “இன்னா கண்ணு, ஏன் மொகம் வாடிக் கெடக்கு?” என்று கேட்க அம்மாவுக்கு நேரம் இருக்காது. ஒரு ஜோடி குறைந்தால் அன்றைய கூலி குறையும். குழு லோனுக்கு வாரா வாரம் கட்ட வேண்டும், தண்டல்காரர் தினமும் வாசலில் நிற்பார்.

நம் சட்டங்களும் இந்த இடைவெளியைப் பார்க்கவில்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் ஆறு வயதோடு நின்றுவிடுகிறது. ஆறு வயதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார்கள். நாலரை மணிக்கு மேல் பள்ளிக்கூடமும் பூட்டிவிடுகிறது.

அந்த நேரத்தில்தான் ‘உதவி’ செய்கிறவர் வருகிறார். ஆட்டோவில் இறக்கிவிடுவார், செல்போனுக்கு ரீசார்ஜ் போடுவார், பரீட்சை ஃபீஸ் கட்டுவார். அம்மாவிடமும் நல்ல பெயர் வாங்கியிருப்பார். “அந்தண்ணா ரொம்ப நல்லவரு” என்று வீடே சொல்லும். உதவுகிற எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. தெருவில் அப்படிப்பட்ட நல்லவர்கள் இருப்பதால்தான் பல குடும்பங்கள் ஓடுகின்றன. “இதை அம்மாகிட்ட சொல்லாத, நமக்குள்ளேயே இருக்கட்டும்” என்று ரகசியம் கேட்க ஆரம்பிக்கிற இடத்தில்தான் உஷாராக வேண்டும். பிள்ளையிடம் ரகசியம் கேட்கிற பெரியவர் யாராக இருந்தாலும், அது முதல் எச்சரிக்கை மணி.

இதைவிடக் கீழே ஒரு படி இருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலி பகுதியிலும் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அரக்கோணத்துக்குப் பக்கத்து ஊர்தான் நெமிலி. மீட்கப்பட்டவர்கள் இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அது கொத்தடிமை வழக்கு, பாலியல் வழக்கு அல்ல. ஆனாலும் நம் கேள்வி அங்கேயும் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக முதலாளியின் இடத்திலேயே குடிசை போட்டு வாழும் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால், அவளுடைய அப்பா எந்தத் தைரியத்தில் காவல் நிலையப் படி ஏறுவார்? சாதிச் சான்றிதழ் வாங்கவே அலைகிறவருக்குப் புகார் எழுதித் தர யார் இருக்கிறார்கள்? செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போய்ப் பாதியில் பள்ளியை விட்ட பிள்ளைகளின் நிலைமையும் இதுதான்.

பிள்ளையைக் கண்காணிக்க ஆள் இல்லை என்பதை மட்டும் குற்றவாளி பார்ப்பதில்லை. இந்தப் பிள்ளை சொன்னால் யார் நம்புவார்கள், இவர்களுக்காக யார் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அவன் நெருங்குகிறான்.

பையனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தக் கேள்வியே ஓர் ஆபத்து. மேலே சொன்ன 2007 ஆய்வில், பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளை இருட்டிய பிறகு வரவில்லை என்றால் தெருவே தேடும். பையன் லாரி ஷெட்டில் படுத்திருந்தாலும், மெக்கானிக் கடையில் எடுபிடியாக இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. அவனுக்கு ஏதாவது நடந்தால் சொல்ல வெட்கம், சொன்னாலும் கிண்டல். போக்சோ சட்டம் ஆண், பெண் வித்தியாசம் பார்க்காமல் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும். வீட்டுக்கும் தெருவுக்கும்தான் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

அரக்கோணம் மாதிரி ஜங்ஷன்களில் இது இன்னும் முக்கியம். வீட்டில் அடி தாங்காமலோ, பரீட்சையில் ஃபெயிலாகியோ, வேலை கிடைக்கும் என்று நம்பியோ கிளம்பும் பிள்ளைகள் முதலில் ஏறுவது ரயிலில்தான். பிளாட்ஃபாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் “சாப்பிட்டியாப்பா?” என்று முதலில் கேட்பது யார் என்பதைப் பொறுத்து அதன் வாழ்க்கையே மாறிவிடும். அது ரயில்வே பாதுகாப்புப் படை போலீஸாக இருக்கலாம், டீக்கடைக்காரராக இருக்கலாம். தரகராகவும் இருக்கலாம்.

நாம் கொடுக்கும் மூன்று மருந்துகள்

முதல் மருந்து, படிப்பை நிறுத்துவது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஆசிரியர்களும் தோழிகளும் சத்துணவு அம்மாவும் பார்க்கிற பிள்ளையை, யாருமே பார்க்காத இடத்துக்கு நாம் மாற்றுகிறோம். முகம் வாடியிருந்தால் கவனிக்க ஒரு டீச்சர் இருந்தார். இனி அவரும் இல்லை. படிப்பு நின்ற பெண் அடுத்த வருஷமே ஏதாவது கம்பெனிக்கோ வீட்டு வேலைக்கோ போகிறாள். வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு அங்கே தொந்தரவு வந்தால், அதைச் சொன்னால் வயசும் வெளியே தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொள்வாள். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது என்ன ஆனது என்று அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கேளுங்கள். திரும்ப வராத பிள்ளைகளின் பெயர்கள் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

இரண்டாவது மருந்து, போனைப் பிடுங்குவது. இணையத்தில் ஆபத்து இருக்கிறது, மறுக்க முடியாது. படத்தை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளின் பாலியல் படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதுமே குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன மாறுபட்ட தீர்ப்பையும் ரத்து செய்தது. ஆனால் மிரட்டப்படுகிற பிள்ளை ஏன் வீட்டில் சொல்வதில்லை? சொன்னால் முதலில் போன் போகும், அடுத்து பள்ளிக்கூடம் போகும் என்று அதற்குத் தெரியும். மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும். “உங்க வீட்டுக்குச் சொல்லிடுவேன்” என்ற ஒரு வரிதான் அவனுடைய ஆயுதம். வீட்டின் கோபத்தைக் காட்டித்தான் அவன் பிள்ளையைக் கட்டி வைத்திருக்கிறான்.

மூன்றாவது மருந்து, கல்யாணம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21 சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. ஏறக்குறைய எட்டில் ஒருவர். ‘பாதுகாப்பாக’ ஒரு வீட்டில் கட்டிக் கொடுத்ததாக நாம் நினைக்கிறோம். 18 வயதுக்கு உட்பட்ட மனைவியோடு உறவு கொண்டாலும் அது வன்கொடுமைதான் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதாவது, பிள்ளைக்கு எது நடந்துவிடுமோ என்று பயந்தோமோ, அதையே மேளதாளத்தோடு நடத்தி வைக்கிறோம்.

இந்த மூன்று மருந்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. தப்பு செய்தவன் யாரோ. வாழ்க்கையை இழப்பது பிள்ளை. இதைப் பார்த்து வளரும் அடுத்த பிள்ளை, எது நடந்தாலும் சொல்லக் கூடாது என்ற பாடத்தைத்தான் கற்றுக்கொள்கிறது.

‘அந்தப் பொண்ணே அப்படித்தான்’

இன்னொரு விஷயத்தையும் கூச்சமில்லாமல் பேச வேண்டும். சுரண்டப்படும் பதின்வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அழுதுகொண்டு உதவி கேட்டு வருவதில்லை. சிலர் எரிந்து விழுவார்கள், வீட்டை விட்டு ஓடுவார்கள், குடிக்கப் பழகுவார்கள். கொடுமை செய்கிறவனையே காதலிப்பதாகச் சொல்வார்கள். உடனே ஊர் முத்திரை குத்திவிடும்.

இந்த முத்திரை எவ்வளவு பெரிய கேட்டில் முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரம் சாட்சி. பேராசிரியர் அலெக்சிஸ் ஜே 2014-ல் கொடுத்த அறிக்கையின்படி, 1997 முதல் 2013 வரை அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஏறக்குறைய 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள். காவல் துறைக்கும் நகராட்சிக்கும் தகவல் போகாமல் இல்லை. பல பிள்ளைகளை அதிகாரிகள் இளக்காரமாகப் பார்த்தார்கள், பாதிக்கப்பட்டவர்களாகவே எண்ணவில்லை. பணமும் சட்டமும் அதிகாரிகளும் நிறைந்த நாட்டிலேயே ‘அந்தப் பொண்ணே அப்படித்தான்’ என்ற எண்ணம் பதினாறு வருஷம் குற்றவாளிகளைக் காப்பாற்றியது. நம் ஊர் டீக்கடைப் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பணத்துக்காகப் பயன்படுத்தினால், அந்தப் பிள்ளை பாலியல் தொழில் செய்ததாக அர்த்தம் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது சுரண்டப்பட்ட குழந்தை. செய்தி எழுதுகிற நாங்களும் இதை ஒழுங்காக எழுதியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 2019-ல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. தண்டனை பற்றி நிறையப் பேசியாயிற்று. பயந்து நிற்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது வேறு சில பிரிவுகள்.

யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, கம்பெனி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே வேலை செய்பவரைப் பற்றிய தகவலை மறைத்தால் ஒரு வருடம் வரை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் சிறுமி பாதிக்கப்பட்ட வழக்கில், மறைத்ததற்காகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. ‘நமக்கு இன்னாத்துக்கு வம்பு’ என்று ஒதுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொன்னால் வம்பு இல்லை, சொல்லாவிட்டால்தான் வம்பு.

பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் பிள்ளை என்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், நம்பிக்கைக்குரிய ஒருவர் கூட இருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று காரணம் சொல்லி மருத்துவமனை திருப்பி அனுப்ப முடியாது; முதலுதவியும் சிகிச்சையும் தனியார் மருத்துவமனையிலும் இலவசம். பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். நீதிமன்றத்துக்குக் கூடவே வர ஓர் உதவியாளரையும் கேட்கலாம்.

எழுத்தில் இருப்பது இவ்வளவு. நடைமுறையில் குறை இருக்கிறது. கூடுமானவரை ஒரு வருடத்தில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம். திட்டக்குடி வழக்கில் 2014-ல் நடந்த குற்றத்துக்குத் தீர்ப்பு வர 2019 ஆகிவிட்டது. அத்தனை வருஷம் ஒரு கூலிக் குடும்பம் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? ‘பேசி முடிச்சிக்கலாம்’ என்று பஞ்சாயத்து பேச வருகிறவர்களுக்கு இந்தத் தாமதம்தான் வசதி.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வயதில் இருக்கும் இரு பிள்ளைகளின் காதலும் சுரண்டலும் ஒரே சட்டத்தின் கீழ் வந்து நிற்கின்றன. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்தபோது, பதின்வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்ததில்லை என்று சுட்டிக்காட்டியது. வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து, கர்ப்பமான சிறுமிகள் போலி மருத்துவர்களிடம் போவதும் நடக்கிறது. இதனால்தான் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: சம்மதத்தோடு பழகிக் கர்ப்பமான சிறுமி கருக்கலைப்புக்கு வந்து கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குக் கொடுக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்லத் தேவையில்லை. பிள்ளை முதலில் ஒழுங்கான மருத்துவரிடம் போக வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அக்கறை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில் அந்த நாலரை மணி முதல் ஏழு மணி வரையிலான நேரம். அரசுப் பள்ளி வளாகம், நூலகம், ஊராட்சிக் கட்டடம் என்று ஊருக்கு ஓர் இடம் மாலையில் திறந்திருந்தால் போதும். படிக்கவும் விளையாடவும் செய்யட்டும். பொறுப்பான இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் வகுப்பெடுத்ததை நாம் பார்த்தோம். நடக்காத காரியம் இல்லை இது. ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் ஷூ கம்பெனிகள் இதில் பங்கெடுக்க வேண்டும். பிராண்டுகளுக்காகத் தணிக்கை நடத்தி, தொழிலாளியின் வயதைச் சரிபார்க்கும் கம்பெனிகள், அந்தத் தொழிலாளியின் பிள்ளை மாலையில் எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை கேட்கலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே இருப்பதை உயிரோடு வைப்பது. ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குழு கடைசியாக எப்போது கூடியது? அடுத்த கிராம சபையில் எழுந்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் தலைமை ஆசிரியரிடம் இருக்கும். அதை அந்தக் குழு மாதம் ஒரு முறை பார்த்து, வீட்டுக்குப் போய் விசாரித்தாலே பல கல்யாணங்களும் பல கொத்தடிமை வேலைகளும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மூன்றாவது, படிப்பைத் தொடர வைப்பது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது. அதைப் பெற மேல்படிப்பு வரை வர வேண்டும். ஒன்பதிலும் பத்திலும் நின்றுபோகும் பிள்ளைதான் அதிக ஆபத்தில் இருக்கிறது. அதன் கையைப் பிடித்து மேலே கொண்டுவரும் வேலையும் அரசுக்கு இருக்கிறது.

நான்காவது, வீட்டில். இதற்குப் பணம் தேவையில்லை. “எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு. தப்பு உன்மேலயே இருந்தாலும் சொல்லு. உன் படிப்பை நிறுத்த மாட்டேன்” என்று பிள்ளையிடம் ஒரு தடவை சொல்லி, அந்த வார்த்தையைக் காப்பாற்றினால் போதும். வேனில் வரும்போது ஐந்து நிமிஷம் போன் பேசுங்கள். பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தாலோ, ஒருவரைக் கண்டால் ஒளிந்தாலோ, புதுப் பொருளும் பணமும் கையில் வந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, அடிக்காமல் கேளுங்கள். சொன்னால் முதலில் நம்புங்கள். “நீ ஏன் அங்க போன?” என்ற கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி விழுந்த நிமிஷமே பிள்ளையின் வாய் மூடிவிடும்.

உதவிக்கு எண்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112, ரயிலில் 139, பள்ளி மாணவர்களுக்கு 14417, இணைய மிரட்டலுக்கு 1930, இலவசச் சட்ட உதவிக்கு 15100. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 1098-ஐ மட்டும் பிள்ளையின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அயனாவரம் வழக்கை முடித்து வைத்தது கேமராவோ காவலாளியோ இல்லை. ஒரு தங்கை தன் அக்காவிடம் சொன்னாள், அக்கா நம்பினாள். அந்த அக்காவின் இடத்தில் நம் தெருவில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். இன்று மாலை வேன் திரும்பி வரும்போது, ‘என் பிள்ளைக்கு அப்படி ஓர் ஆள் யார்?’ என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள். பெயர் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், அந்த வேலையை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.